ஊமைக் கலைஞரும் கட்டைவிரல் அட்டையும்: பொகோட்டா நகரம் மரியாதை பழகிய கதை

சிக்னல் சிவப்புக்கு மாறுகிறது. ஒரு கார் ஜீப்ரா கோட்டின் மேல் பாதி ஏறி நிற்கிறது. முகத்தில் வெள்ளைப் பூச்சும் கையில் வெள்ளை உறையுமாக ஒருவர் காருக்கு முன்னால் வருகிறார். திட்டவில்லை, விசில் ஊதவில்லை. குனிந்து, தரையில் உள்ள கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். கார் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று இரண்டு கைகளாலும் அளக்கிறார். அப்புறம் பானெட்டுக்குத் தோள் கொடுத்து, மலையையே நகர்த்துகிறவர் மாதிரி மூச்சு முட்டத் தள்ளுகிறார். நடைபாதையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ஓட்டுநருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. ரிவர்ஸ் போட்டு வண்டியைப் பின்னால் எடுக்கிறார். கலைஞர் இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைக்கிறார். கூட்டம் கை தட்டுகிறது.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1990-களின் நடுவில் இந்த மாதிரிக் காட்சிகள் சர்வசாதாரணம். அவர்களைத் தெருவில் இறக்கியது நகராட்சிதான். முதலில் 20 தொழில்முறை மைம் கலைஞர்கள், அதாவது பேசாமல் உடலசைவால் நடித்துக் காட்டுகிறவர்கள். மக்களிடம் கிடைத்த வரவேற்பைப் பார்த்து மேலும் 400 பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

இந்தக் கதை உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது, பெரும்பாலும் வேடிக்கைச் செய்தியாக. நானும் முதலில் படித்தபோது 'என்ன கோமாளித்தனம் இது' என்று தாண்டிப் போனவன்தான். பிறகு நிதானமாகப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது, தப்பு செய்தவரை நகரம் எப்படி நாணப்படுத்தியது என்ற பாதியை. ஒழுங்காக நடந்தவருக்கு நகரம் எப்படி நன்றி சொன்னது என்ற மறுபாதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த மறுபாதியில்தான் விஷயம் அதிகம் இருக்கிறது என்பது என் கணிப்பு. இந்த ஆய்வு அதைச் சுற்றித்தான் போகும்.

மேயரான கணித வாத்தியார்

அவர்களை இறக்கிய மேயர் அந்தானஸ் மோக்கஸ் அரசியலிலிருந்து வந்தவர் இல்லை. லிதுவேனியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர், அம்மா சிற்பக் கலைஞர். கணிதமும் தத்துவமும் படித்து, கொலம்பியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைவராக உயர்ந்தார். 1993-இல் மாணவர் கூட்டம் ஒன்றில் கூச்சல் அடங்கவே இல்லை. மேடையில் நின்றவர் திரும்பி, கால்சட்டையை இறக்கிப் பின்புறத்தைக் காட்டினார். அரங்கம் அமைதியானது. ஆனால் அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்து நாடு முழுக்கப் பரவியது. பதவியை விட்டு விலகினார்.

மரியாதையைப் பற்றிப் பேச இந்த ஆள்தானா கிடைத்தார் என்று தோன்றலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கூச்சலை அடக்க அதிகாரம் உதவாதபோது, யாரும் எதிர்பாராத ஒரு செய்கை உதவும் என்பதை அன்றைக்கே அவர் கண்டிருந்தார். அடுத்த ஆண்டே எந்தப் பெரிய கட்சியும் இல்லாமல் சுயேச்சையாக மேயர் தேர்தலில் நின்று ஜெயித்தார். 1995 ஜனவரியில் பதவியேற்று, 1997-இல் ஜனாதிபதித் தேர்தலுக்காகப் பாதியில் விலகினார். பிறகு 2001 முதல் 2003 வரை மறுபடியும் மேயர்.

அவர் கைக்கு வந்தபோது பொகோட்டா ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாழ்ந்த, ஒருவரை ஒருவர் நம்பாத நகரம். 1993-இல் லட்சம் பேருக்குச் சுமார் 80 கொலைகள். சாலை விபத்தில் ஆண்டுக்கு 1,300 பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். போக்குவரத்துக் காவலர்களில் லஞ்சத்துக்குப் பெயர்போனவர்கள் நிறைய. சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதமா, பேரமா என்பது அங்கேயே முடிவாகிவிடும். ஹாரன் அடித்ததற்காக இறங்கி வருகிறவர் இடுப்பில் துப்பாக்கி இருக்கவும் கூடும் என்கிற ஊரில், முன்பின் தெரியாதவரிடம் "இது தப்புங்க" என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

நாலு பேர்

மோக்கஸ் இதை ஒரு கணக்கு வாத்தியார் போலவே பிரித்துப் பார்த்தார். மனிதனைக் கட்டுப்படுத்துவது மூன்று. ஒன்று சட்டம். இன்னொன்று அவனவன் மனசாட்சி. மூன்றாவது, அவர் 'பண்பாடு' என்று குறித்தது. நமக்கு அதைப் புரியவைக்க நீண்ட விளக்கம் தேவையில்லை. 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்று சொல்கிறோமே, அதேதான். சட்டம் தடுக்கிற ஒன்றை மனசாட்சியும் நாலு பேரும் சேர்ந்து தடுத்தால் ஊர் தானாக ஓடும். சட்டம் தடுப்பதை நாலு பேர் கண்டுகொள்ளாமல் விட்டால், அல்லது கெட்டிக்காரத்தனம் என்று மெச்சினால், எத்தனை காவலர் வந்தாலும் போதாது.

இந்த மூன்றுக்கும் கசப்பும் உண்டு, இனிப்பும் உண்டு என்பது அவர் கணக்கின் அடுத்த வரி. சட்டத்துக்கு அஞ்சியும் நடக்கலாம், சட்டத்தை மதித்தும் நடக்கலாம். மனசாட்சி குத்தும், மனநிறைவும் தரும். நாலு பேர் முகம் சுளிக்கவும் செய்வார்கள், தட்டிக்கொடுக்கவும் செய்வார்கள். அந்த 'நாலு பேரை' நாம் பயமுறுத்துவதற்கு மட்டுமே வைத்திருக்கிறோம். "நாலு பேர் பாராட்டுவார்கள், செய்" என்று சொல்வது அபூர்வம். பொகோட்டாவில் அந்த நாலு பேருக்கு இரண்டு வேலையும் கொடுத்தார்கள்.

அபராதத்தைவிடக் கேலிக்குத்தான் ஊர்க்காரர்கள் அதிகம் கூசுகிறார்கள் என்பது மோக்கஸின் ஊகம். பேர்போன போக்குவரத்துப் பிரிவைக் கலைத்து, அந்த வேலையைத் தேசியக் காவல்துறையிடம் ஒப்படைத்தார். தெருமுனையில் மைம் கலைஞர்களை நிறுத்தினார். சிவப்பில் சாலையைக் கடந்து ஓடுகிற பாதசாரிக்குப் பின்னாலேயே ஒருவர் அவரைப் போலவே ஓடுவார். திரும்பிப் பார்த்தால் அவரும் திரும்புவார். தலையைச் சொறிந்தால் அவரும் சொறிவார்.

இது ஏன் சண்டையில் முடியவில்லை? இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இதைப் பார்த்து நகலெடுத்தவர்கள் பலரும் கோட்டைவிட்ட இடம் இதுதான். முதலாவது, மைம் கலைஞர் பேசுவதில்லை. பேசாதவரிடம் வாக்குவாதம் செய்ய முடியாது. "நீ யார் எனக்குச் சொல்ல" என்று கேட்டால் அவரும் வாயைப் பிளந்து அதையே நடித்துக் காட்டுவார், அவ்வளவுதான். இரண்டாவது, அவரிடம் அதிகாரம் இல்லை. ரசீதுப் புத்தகம் இல்லை, லத்தி இல்லை. எனவே அவர் முன் பணிந்துபோவதில் தோல்வி எதுவும் கிடையாது. மூன்றாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: கேலி அரை நிமிடம்தான். வண்டி பின்னால் போன அடுத்த கணம் வணக்கமும் கைதட்டலும் வந்துவிடும். தப்பு செய்தவர் அங்கிருந்து கிளம்பும்போது குற்றவாளியாகப் போகவில்லை, தன்னைத் திருத்திக்கொண்டவராகப் போனார். பார்த்தவர்கள் யாருக்கும் அவர் பெயர் தெரியாது.

பின்னால் காவலரும் இருந்தார், அபராதமும் இருந்தது. அதை மறைத்துவிட்டு, சிரிப்பு ஒன்றாலேயே எல்லாம் நடந்தது என்று சொன்னால் அது கதை. மைம் கலைஞரையும் மதிக்காதவரிடம் சட்டம் வந்தது. ஆனால் அதற்குள் சுற்றி நின்றவர்கள் யார் பக்கம் என்பது முடிவாகியிருக்கும். லஞ்சம் வாங்கத் தோதான சந்து அது இல்லை.

மோக்கஸின் நிர்வாகம் நடைபாதையில் இன்னொன்றும் செய்தது. சாலை விபத்தில் பாதசாரிகள் இறந்த இடங்களில் நட்சத்திரம் வரைந்தார்கள், மொத்தம் 1,500 இடங்களில். அதில் கேலியும் இல்லை, நன்றியும் இல்லை. தினமும் அவசரமாகக் கடக்கும் இடத்தில் காலுக்கு அடியில் ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான்.

அட்டையின் இரண்டு பக்கம்

350,000 அட்டைகள் அச்சடித்து மக்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் கட்டைவிரல் மேலே, மறுபக்கம் கீழே. கால்பந்து நடுவர் சட்டைப்பையிலிருந்து அட்டை எடுப்பதைப் பார்த்துப் பழகிய ஊருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வழி மறித்த வண்டிக்காரருக்குக் கீழ்விரல். வழி விட்டவருக்கு மேல்விரல்.

கீழ்விரல் செய்த வேலை என்ன என்பது தெளிவு. திட்டுவதற்குப் பதிலாக ஓர் அட்டை. குரல் உயரவில்லை, கண்ணாடியை இறக்க வேண்டியதில்லை, துப்பாக்கி வரை போகவில்லை. கோபத்தை வெளியே விட ஒரு சின்ன ஜன்னல்.

மேல்விரலைத்தான் நான் அதிகம் யோசித்துப் பார்த்தேன். வழிவிட்ட ஓட்டுநருக்கு நன்றி சொல்ல அதுவரை அங்கே என்ன வழி இருந்தது? தெருவில் நன்றிக்குக் கருவி ஏது! ஹாரனுக்கு ஒரே அர்த்தம்தான், அது கோபம். கையை ஆட்டினால் சில சமயம் அதுவும் தப்பாகப் போகும். அந்த அட்டை, முகம் தெரியாதவருக்கு நன்றி சொல்லும் உரிமையைச் சாதாரண ஆளின் கையில் கொடுத்தது. அதோடு, அட்டை வைத்திருப்பவர் நல்லது நடக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிடுகிறார். மேல்விரலைக் காட்ட அவருக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டுமே. ஓர் ஊரில் நாள் முழுக்க நடக்கிற ஆயிரம் சின்ன நன்மைகள் யார் கண்ணிலும் படாமல் போகின்றன, ஒரு மோசடி மட்டும் மாலைவரை பேச்சாகிறது. அட்டை அந்தக் கண்ணைக் கொஞ்சம் திருப்பிவைத்தது.

டாக்சிக்காரர்கள் கதை இதற்கு நல்ல உதாரணம். பயணிகளுக்கு டாக்சிகள் மேல் ஆயிரம் புகார். வழக்கமான நிர்வாகம் என்றால் புகார் எண் ஒன்றை அறிவித்திருக்கும். மோக்கஸ் தலைகீழாகச் செய்தார்: அன்பாகவும் நேர்மையாகவும் நடந்துகொண்ட டாக்சிக்காரரைப் பார்த்தால் என் அலுவலகத்துக்கு போன் செய்யுங்கள் என்றார். 150 பேர் போன் செய்தார்கள். அப்படி அடையாளம் காணப்பட்ட ஓட்டுநர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, மற்ற ஓட்டுநர்களை எப்படி வழிக்குக் கொண்டுவரலாம் என்று அவர்களிடமே யோசனை கேட்டார். 'வரிக்குதிரை வீரர்கள்' என்று அவர்களுக்கு ஒரு பட்டம், மேயர் அலுவலகத்தின் ஆதரவோடு ஒரு சங்கம்.

அவ்வளவு பெரிய நகரத்தில் 150 என்பது கடலில் பெருங்காயம் கரைத்த கணக்கு. ஆனால் அந்த ஓட்டுநர்களிடம் அதுவரை யாரும் வந்து 'நீங்கள் எப்படி இப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டிருக்க மாட்டார்கள். பாராட்டுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பாமல் ஆலோசனை கேட்டதுதான் இதில் நுட்பம். நன்றி சொல்லிவிட்டு உடனே பொறுப்பையும் கொடுத்தார்.

தண்ணீர்

1997-இல் சிங்காசா மலைப்பகுதியிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கப்பாதையில் இடிபாடு ஏற்பட்டது. தட்டுப்பாடு வந்துவிட்டது. முறைவைத்துக் குழாயை அடைப்பதுதான் எந்த நகரமும் முதலில் எடுக்கும் வழி. மேயர் தொலைக்காட்சியில் குளித்தார். நிஜமாகவே ஷவருக்கு அடியில் நின்று, சோப்புப் போடும்போது தண்ணீரை நிறுத்தி, நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்றார். இரண்டு மாதத்தில் நகரத்தின் தண்ணீர்ச் செலவு 14 சதவீதம் குறைந்தது. மிச்சம் பிடித்தவர்களுக்குக் கட்டணத்திலும் பலன் இருந்ததால் சேமிப்பு இன்னும் கூடியது. சில ஆண்டுகளில் தட்டுப்பாட்டுக்கு முந்தைய அளவைவிட 40 சதவீதம் குறைவாகத் தண்ணீர் செலவானது.

குளியல் காட்சிதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 'பஞ்சம் வரப்போகிறது, எல்லோரும் வீணாக்குகிறார்கள்' என்று ஓர் அரசு அறிவித்தால் மக்கள் என்ன செய்வார்கள்? இருக்கிற பாத்திரத்தையெல்லாம் நிரப்பிவைப்பார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் எடுக்கிறார்கள் என்று அரசே சொல்லும்போது, எடுக்காதவன் ஏமாளி.

சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கல்மரத் தேசியப் பூங்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே பார்வையாளர்கள் கல்லாக மாறிய மரத்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போவது நீண்ட நாள் தலைவலி. 'முன்பு வந்த பலர் எடுத்துப் போய்ப் பூங்காவையே மாற்றிவிட்டார்கள்' என்று பலகை வைத்த இடத்தில், அடையாளமிட்டு வைத்திருந்த துண்டுகளில் சுமார் 8 சதவீதம் காணாமல் போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் கேட்ட பலகை இருந்த இடத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. குடியிருப்புச் சங்கத்து அறிவிப்புப் பலகைகளில் 'பலமுறை சொல்லியும் பலர் கேட்பதில்லை' என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூங்காதான் நினைவுக்கு வரும். எழுதியவருக்கு ஆத்திரம் தீர்ந்திருக்கும். படிக்கிறவருக்குப் போவது ஒரே செய்தி: பலரும் கேட்பதில்லை, நான் மட்டும் ஏன்?

பொகோட்டாவில் நகரத்தின் முதல் குடிமகனே குழாயை நிறுத்திக் காட்டினார். மக்களுக்குப் போன செய்தி, எல்லோரும் சேமிக்கிறார்கள் என்பது. வார்த்தையைவிட அது நன்றாகப் போய்ச் சேர்ந்தது.

பெண்கள் இரவு

இரண்டாவது பதவிக்காலத்தில், 2001 மார்ச்சில், ஓர் இரவு ஆண்களெல்லாம் வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெண்கள் வெளியே போகட்டும் என்று மேயர் கேட்டுக்கொண்டார். கட்டளை அல்ல, வேண்டுகோள். இப்படி மொத்தம் மூன்று இரவுகள் நடந்தன. முதல் இரவில் சுமார் 7 லட்சம் பெண்கள் தெருவில் இருந்தார்கள். ஊருக்குக் காவல் பெண் போலீசார்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. வீட்டுச் சிறையா, எங்கள் உரிமை என்ன ஆவது என்று ஆண்கள் பலர் சீறினார்கள். ஒரே இரவில் என்ன மாறிவிடும் என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. ஆனால் அந்த இரவில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தெருவில் போய்க்கொண்டிருந்த பெண்கள், வீட்டில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஆணைக் கண்டால் அங்கேயே நின்று கை தட்டினார்கள். இத்தனை காலமும் அந்த வீட்டுப் பெண் அதே குழந்தையை அதே போல் தூக்கிக்கொண்டிருந்தபோது யாரும் தட்டவில்லை என்பது வேறு விஷயம். கைதட்டல் கேலியா, நன்றியா என்றால், இரண்டும்தான். அந்தக் கலவைதான் மைம் கலைஞர்களிடமிருந்து வந்த பாணி.

விரும்பிக் கொடுத்த பத்து சதவீதம்

2002-இல் மோக்கஸ் வரி செலுத்துகிறவர்களிடம் இன்னொரு வேண்டுகோள் வைத்தார்: விருப்பம் இருந்தால் 10 சதவீதம் கூடுதலாகக் கட்டுங்கள். கூட இருந்தவர்களே சிரித்திருப்பார்கள். 63,000 பேர் கட்டினார்கள். அந்தப் பணம் எந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதைக் கட்டுகிறவரே தேர்ந்தெடுக்கலாம்.

மொத்த வரிதாரர்களோடு ஒப்பிட்டால் இது சிறுபான்மைதான். வந்த தொகையால் நகரம் பணக்கார நகரமாகிவிடவும் இல்லை. ஆனால் மரியாதை, நன்றி, பங்கேற்பு என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது இந்த இடத்தில்தான். வரி என்பது அதுவரை பிடுங்கப்படுவது. கூடுதல் பத்து சதவீதம், கொடுக்கப்படுவது. குழாயில் தண்ணீர் வந்தது, சாக்கடை இணைப்பு வந்தது என்று கண்ணால் பார்த்த பிறகே மக்கள் வரிப் படிவத்தில் அதற்கான கட்டத்தை நிரப்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1993-இல் 79 சதவீத வீடுகளில் இருந்த குடிநீர் இணைப்பு, பத்தாண்டில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. சாக்கடை இணைப்பு 71-லிருந்து 95 சதவீதமானது. வேலை நடக்காத ஊரில் நன்றியுணர்வைப் பற்றி எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் ஒரு காசு வந்திருக்காது.

எங்கே எடுபடவில்லை

வெற்றிக் கதைகளோடு எனக்கு ஒரு பிரச்சினை, எண்களை ஒருவர் தலையில் கிரீடமாக வைத்துவிடுவது. 2003-இல் பொகோட்டாவில் கொலை விகிதம் லட்சத்துக்குச் சுமார் 23. பத்தாண்டில் 70 சதவீத வீழ்ச்சி. சாலை மரணங்கள் பாதிக்கும் கீழே போயின. மைம் கலைஞர்கள் கொலையைக் குறைத்தார்கள் என்று இதை எழுதிவிடுவது சுலபம். ஆனால் இடையில் 1998 முதல் 2000 வரை மேயராக இருந்த என்ரிக்கே பெஞலோசா பூங்காக்கள், நடைபாதைகள், மிதிவண்டிப் பாதைகள் என்று நகரத்தின் உடம்பையே மாற்றினார். போலீஸ் சீர்திருத்தம் நடந்தது. மதுக்கடைகளை அதிகாலை 1 மணிக்கே மூட உத்தரவிட்டார் மோக்கஸ். அந்த உத்தரவுக்குப் பெயர் 'கேரட் சட்டம்'. ஒழுக்கமான, சுவாரசியமில்லாத ஆளை அங்கே கேரட் என்று கிண்டல் செய்வார்களாம். துப்பாக்கிகளை ஒப்படைக்கும் இயக்கமும் நடந்தது, ஒப்படைத்த ஆயுதங்களை உருக்கிக் கரண்டிகள் செய்தார்கள். இவற்றில் எது எவ்வளவு குறைத்தது என்று யாரும் அறுதியிட்டுப் பிரித்துக் காட்ட முடியாது.

பேருந்துகள்தான் இந்த முறையின் எல்லையைக் காட்டின. பொகோட்டாவின் தனியார் பேருந்து ஓட்டுநர்களுக்கு ஏற்றிய பயணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் வருமானம். அதனால் ஒரே தடத்தில் ஒன்றை ஒன்று முந்தி, கை காட்டிய இடத்திலெல்லாம் நிறுத்தி, நடுச்சாலையில் ஆள் ஏற்றுவார்கள். ஊரில் இதற்குப் பெயரே 'காசுச் சண்டை'. அந்த ஓட்டுநர் முன்னால் மைம் கலைஞர் தலைகீழாக நின்றாலும் என்ன ஆகப்போகிறது? மரியாதையாக நடந்தால் அன்றைய கூலி போகும். 2000 டிசம்பரில் பெஞலோசா தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ, பேருந்துக்குத் தனிப் பாதையும் நிலையான நிறுத்தங்களும் போட்டு, இயக்குபவர்களுக்கு ஓடும் கிலோமீட்டர் கணக்கில் பணம் என்று மாற்றியது. அந்தத் தடங்களில் சண்டைக்குக் காரணமே இல்லாமல் போனது. ஒருவனுடைய பிழைப்பு முரட்டுத்தனத்தைச் சார்ந்திருக்கும்போது அவனுக்குப் பண்பு சொல்லிக்கொடுக்கப் போவது, சொல்கிறவருக்குத்தான் அழகில்லை.

இன்னொன்று, கேலி என்பது கூர்மையான கத்தி. மைம் கலைஞர் அதை அரை நிமிடம் எடுத்து உறையில் போட்டுவிட்டார். அதையே எடுத்து, வாடகை பாக்கி வைத்தவர் பெயரைப் பலகையில் எழுதுவதும், குப்பை போட்டவர் படத்தை வாசலில் ஒட்டுவதும் பொகோட்டா முறை இல்லை. அங்கே நாணப்பட்டது ஒரு செயல். இங்கே நாணப்படுவது ஒரு குடும்பம், அதுவும் நாள்கணக்கில். பலசாலி பலவீனரைக் கேலி செய்தால் அதற்குப் பெயர் வேறு. ரசீதுப் புத்தகம் இல்லாத, பேச்சும் இல்லாத ஆள்தான் அந்த வேலைக்குப் பொருத்தம் என்று மோக்கஸ் தேர்ந்தெடுத்ததை இந்த இடத்தில் மறுபடி நினைக்கத் தோன்றுகிறது.

ஒரு தெருவோ, ஒரு குடியிருப்போ இதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதென்றால் நான் டாக்சிக்காரர் கதையிலிருந்துதான் தொடங்குவேன். கூட்டம் போட்டுக் குறைகளைப் பட்டியலிடுவதற்கு முன்னால், யார் யார் சத்தமில்லாமல் பொது வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பது. மாடிப்படி விளக்கை அணைக்கிறவர் யார், தண்ணீர்த் தொட்டி வழிந்தால் ஓடிவருகிறவர் யார். பெயர்கள் வரும், நிச்சயம் வரும். அவர்களை மேடையேற்றிச் சால்வை போட வேண்டாம், அதில் அவர்களுக்கே கூச்சம். உட்காரவைத்து, உங்களுக்கு இதில் என்ன கஷ்டம், எது இருந்தால் வசதி என்று கேட்டால் போதும். அதிலிருந்து வருகிற யோசனைகள் குறைப்பட்டியலிலிருந்து வருகிறவற்றை விட உருப்படியாக இருக்கும் என்பது என் எண்ணம்.

அதன் பிறகு

பொலிவியாவின் லா பாஸ் நகரம் இந்த யோசனையை 2001-இல் எடுத்துக்கொண்டது. அங்கே மைம் கலைஞருக்குப் பதில் வரிக்குதிரை வேடம். கோடு போட்ட முழு உடைக்குள் இளைஞர்கள், ஜீப்ரா கோட்டில் ஆடிப்பாடி ஆட்களைக் கடத்திவிடுவார்கள். அந்த வரிக்குதிரைகள் கேலியைப் பெருமளவு குறைத்துக்கொண்டன. நின்ற வண்டிக்குக் கையசைத்து நன்றி, தயங்கி நிற்கும் முதியவருக்குத் தோள், குழந்தைகளுக்கு அணைப்பு. 24 பேரோடு தொடங்கியது பிறகு பல மடங்கு வளர்ந்தது. பொகோட்டாவின் முயற்சி மேயரோடு வந்து மேயரோடு போனது. லா பாஸில் மேயர்கள் மாறியும் வரிக்குதிரைகள் நின்றன.

மோக்கஸ் 2010-இல் ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் சுற்று வரை போய்த் தோற்றார். அந்த ஆண்டுதான் தனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை அறிவித்தார். 2018-இல் செனட்டுக்குத் தேர்வானார். புதிய செனட் கூடியபோது, அவையின் தலைவர் பேசிக்கொண்டிருக்கையில் சக உறுப்பினர்கள் கவனிக்காமல் சளசளத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்று, 25 ஆண்டுகளுக்கு முன்பு மாணவர்களுக்குக் காட்டியதை மறுபடியும் காட்டினார்.

மோக்கஸ் இறக்கிய மைம் கலைஞர்கள் பொகோட்டா தெருக்களில் இப்போது இல்லை. டிரான்ஸ்மிலேனியோ நிலையங்களில் தடுப்பைத் தாண்டிக் குதித்து டிக்கெட் இல்லாமல் ஏறுவது பெரிய பிரச்சினையாகியிருக்கிறது. சிங்காசா பகுதி அணைகளில் நீர் வற்றி, 2024 ஏப்ரல் 11 முதல் நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்துக் குழாயை அடைத்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு நீடித்தது. 1997-இல் கேட்டுப் பெற்றதை இந்த முறை அடைத்துத்தான் பெற முடிந்தது. மழை குறைந்த ஆண்டையும் இடிந்த சுரங்கத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதுதான், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

வரிப் படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. விருப்பத்தின் பேரில் 10 சதவீதம் கூடுதலாகச் செலுத்துகிறீர்களா என்று கேட்கும். நிரப்பாமல் விட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.